பழைய உலாவியும் வலையமைப்பின் சாவியும்

(ரொறன்ரோவில் பெற்றோரும் இளையோரும் கூடியிருந்த கருத்தரங்கொன்றில், வலையமைப்புத் துறையில் பணிபுரியும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இளையோருக்குத் தொழில்வாய்ப்பைப் பற்றியும், பெற்றோருக்கு எமது பொது அமைப்புகளின் கணினிகளைப் பற்றியும் ஒருசேரப் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றேன். வலையமைப்பொன்றை நிர்வகிக்கும் மென்பொருள் நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கின்றது. ஆனால் அதற்குள் நுழைவதற்கு இன்று எவரும் பயன்படுத்தாத ஒரு பழைய உலாவி தேவைப்படுகின்றது. இந்த நிலை எவ்வாறு உருவாகியது, இதனால் விளையும் ஆபத்து யாது, இதனை எவ்வாறு கையாளலாம் என்பனவே எனது பேச்சு. தலைப்பு வறண்டதாகத் தோன்றக்கூடும். எனவே நீங்கள் எல்லோரும் அனுபவித்த ஒரு நாளிலிருந்து தொடங்குகின்றேன்.

2022ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அதிகாலை 4.45 மணியளவில் றொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுவதிலும் வீழ்ந்தது. 12 மில்லியனுக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் தொலைபேசியும் இணையமும் இன்றித் தவித்தார்கள். இன்ரராக் வீழ்ந்தமையால் கடைகளில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. 911க்கு அழைக்க முடியாதோர் பலர். ஸ்காபரோவில் வளர்ந்த பாடகர் த வீக்கெண்ட் அன்றிரவு றொஜர்ஸ் சென்ரரில் நடத்தவிருந்த நிகழ்ச்சியும் பிற்போடப்பட்டது. எமது பிள்ளைகளுட் பலருக்கு அந்நாள் நினைவிலிருப்பது இக்காரணத்தினாலேயே என அறிகின்றேன்.

ஏழு கட்டங்களாகத் திட்டமிடப்பட்ட ஒரு மேம்பாட்டுப் பணியின் ஆறாவது கட்டத்தில், ரூட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. அதனால் பெருந்தொகையான பாதைத் தகவல்கள் மைய ரூட்டர்களுக்குள் வெள்ளம்போற் பாய, அவை தாங்காது நின்றுபோயின. தவறு எங்கும் நேரலாம். எனது கவனத்தை ஈர்ப்பது அதற்குப் பின்னர் நடந்தது. ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான சி.ஆர்.ரி.சி. சுயாதீன ஆய்வொன்றைச் செய்வித்து, அதன் சுருக்கத்தை 2024 யூலையில் வெளியிட்டது. நிறுவனத்தின் நிர்வாக வலையமைப்பு, எந்த மைய வலையமைப்பு வீழ்ந்ததோ அதனையே நம்பியிருந்தது என்று அவ்வறிக்கை கூறுகின்றது. மையம் வீழ்ந்ததும், தொலைவிலிருந்து சாதனங்களுக்குள் நுழைந்து பார்க்கும் வழியும் அடைபட்டது. பணியாளர்கள் ஒருவரையொருவர் அழைப்பதற்குக்கூட அதே நிறுவனத்தின் தொலைபேசிகளையே வைத்திருந்தார்கள். வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை இடங்களுக்கு அனுப்பிய பின்னரே அவர்களாற் பேச முடிந்தது. காரணம் இன்னதெனக் கண்டறியவே 14 மணிநேரம் சென்றது. பின்னர் நிர்வாக வலையமைப்பைப் பிரதான வலையமைப்பிலிருந்து பிரிக்கும் நடவடிக்கைகளை நிறுவனம் எடுத்தது.

வீட்டின் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திய கதை இது. நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றுக்கே இது நேர்ந்தது. நான் சொல்லவந்தது இதன் சிறிய, பரவலான, எவரும் செய்தியாக எழுதாத வடிவத்தை. சாவி வெளியேதான் இருக்கின்றது. ஆனால் அதனைச் செய்த கொல்லன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான்.

வலையமைப்பு நிர்வாகம் என்றால் என்ன எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். ஓர் அலுவலகத்திலோ பாடசாலையிலோ உள்ள கணினிகள் யாவும் சுவிட்ச் எனப்படும் பெட்டிகளில் வந்து இணைகின்றன. சுவிட்ச்சுகள் ரூட்டர்களுடன் இணைகின்றன. எந்தக் கேபிள் உயிருடன் இருக்கின்றது, எங்கே நெரிசல், எந்தப் பெட்டி சூடேறுகின்றது, யாருடைய கணினி யாருடைய கணினியுடன் பேசலாம் என்பவற்றை இருந்த இடத்திலிருந்தே பார்க்கவும் மாற்றவும் உதவுவது நிர்வாக மென்பொருள். 1988இல் இதற்கெனப் பொது விதிமுறையொன்று வகுக்கப்பட்டது, எஸ்.என்.எம்.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். அன்றைய நிர்வாக மென்பொருள்கள் விலையுயர்ந்த யுனிக்ஸ் கணினிகளில் இயங்கின. அந்தக் கணினி இருந்த அறைக்குப் போனால்தான் வலையமைப்பைப் பார்க்க முடியும்.

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை அறிமுகம் செய்தது. ஜாவாவில் எழுதிய சிறுசெயலி ஒன்று வழங்கியிலிருந்து புறப்பட்டு, உங்கள் உலாவிக்குள் வந்து, அங்கேயே இயங்கும். அப்லெட் என்று அதனை அழைத்தார்கள். வலையமைப்புத் துறையினருக்கு இது பெரும் விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. எந்தக் கணினியிலும் எதனையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவியைத் திறந்து முகவரியைத் தட்டினால் சுவிட்ச்சின் படமே திரையில் வரும், அதன் விளக்குகள் பச்சையாக மின்னும். சிஸ்கோவின் சிஸ்கோவேர்க்ஸ் 2000, எச்.பி. நிறுவனத்தின் புரோகேர்வ் சுவிட்ச்சுகள், புரொகேட் நிறுவனத்தின் சேமிப்பக வலையமைப்புச் சுவிட்ச்சுகள் என ஒன்றன்பின் ஒன்றாக ஜாவா முகப்புகள் வந்தன. வேறு சிலர் மைக்ரோசொப்ட்டின் அக்ரிவ்எக்ஸ் நுட்பத்தைத் தேர்ந்தார்கள். அவை இன்ரநெற் எக்ஸ்புளோரரில் மாத்திரமே திறந்தன. பின்னாளில் பிளாஷ் வந்தது. கணினி மையங்களில் பெருவழக்காயிருந்த விஎம்வெயார் நிறுவனத்தின் நிர்வாகப் பலகை பல ஆண்டுகள் பிளாஷிலேயே இருந்தது.

"எங்கிருந்தும் அணுகலாம்" என்ற அந்த வாக்குறுதியில் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. எந்தக் கணினியிலிருந்தும் அணுகலாம்தான். ஆனால் அக்கணினியில் குறிப்பிட்ட உலாவி, அதற்குள் குறிப்பிட்ட பதிப்புச் செருகி, இரண்டும் ஒத்துக்கொள்ளும் மறைக்குறியாக்க முறை என மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும். ஒரு சாதனத்துக்கு ஜாவாவின் ஒரு பதிப்பும் அடுத்த சாதனத்துக்கு வேறொரு பதிப்பும் வேண்டியிருந்தமையால், ஒரே கணினியில் நாலைந்து ஜாவாக்களை வைத்துக்கொண்டு திண்டாடியவர்களை நான் அறிவேன். 2000களில் இரவு வகுப்புகளுக்குச் சென்று சிஸ்கோ சான்றிதழுக்குப் படித்த பெற்றோர் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களுக்கு இது நன்கு விளங்கும்.

இந்த மூன்றில் எதுவுமே சாதனத்தை விற்றவரின் கையில் இல்லை. 2013 ஜனவரியில் ஜாவாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை காரணமாக, உலாவிகளில் ஜாவாவை நிறுத்திவிடுமாறு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. 2015 செப்ரெம்பரில் கூகிள் குரோம் அத்தகைய செருகிகளுக்கான இடத்தையே நீக்கிவிட்டது. பயர்பொக்ஸ் 2017 மார்ச்சில் அவ்வழியே சென்றது. 2018 செப்ரெம்பரில் வெளிவந்த ஜாவா 11இல் உலாவிச் செருகி அடியோடு இல்லை. பிளாஷை 2020 டிசெம்பர் 31உடன் கைவிடுவதாக அடோபி நிறுவனம் 2017இலேயே அறிவித்திருந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் தானாகவே இயங்க மறுத்தது. இன்ரநெற் எக்ஸ்புளோரருக்கு 2022 யூன் 15இல் ஓய்வு கொடுக்கப்பட்டது. செருகியே தேவைப்படாத பழைய நிர்வாகப் பக்கங்களும் தப்பவில்லை. பழைய மறைக்குறியாக்க முறைகளை 2020இல் முக்கிய உலாவிகள் ஒதுக்கின. அவற்றை மட்டுமே அறிந்த சுவிட்ச்சின் பக்கத்துக்குப் போனால், பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த இயலவில்லை என்ற அறிவிப்போடு கதை முடிந்துவிடும்.

இந்தப் பட்டறிவு எமக்குப் புதிதன்று. எமது தமிழ் இணையத்தளங்களின் தொடக்க நாட்களை மூத்தோர் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு இருந்தது. எழுத்துருவை இறக்கி நிறுவாமலே படிக்கலாம் என்று இயங்கு எழுத்துரு வந்தபோது எவ்வளவு மகிழ்ந்தோம். அதுவும் நெற்ஸ்கேப்புக்கு ஒருவிதம், எக்ஸ்புளோரருக்கு வேறொரு விதம். அந்த உலாவிகள் போன பின்னர், யூனிகோட்டுக்கு மாற்றப்படாத பக்கங்கள் வெறும் குறியீட்டுக் குவியல்களாயின. எழுத்துகள் அழியவில்லை, படிக்கும் கண்ணாடிதான் போய்விட்டது. நிர்வாகப் பலகைகளுக்கு நேர்ந்ததும் அச்சொட்டாக அதுவே.

அப்படியாயின் பழைய சாதனத்தை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கலாமே என்று இளையோர் கேட்பீர்கள். நல்ல சுவிட்ச் ஒன்று பதினைந்து, இருபது ஆண்டுகள் சலிக்காமல் உழைக்கும். குரோம் உலாவியோ 2021இல் நான்கு வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு என்ற ஒழுங்குக்கு மாறியது. இந்த இரண்டு ஆயுள்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதுதான் அடிப்படைத் தவறு என்பது எனது கணிப்பு. வேலை செய்துகொண்டிருக்கும் பெட்டியை மாற்றப் பணம் தாருங்கள் என்று எந்த நிர்வாக சபையிடம் போய்க் கேட்பது? வைத்தியசாலை, தொழிற்சாலை, நீர் வழங்கல் நிலையம் போன்ற இடங்களில், அதனைச் சிறிது நேரம் நிறுத்துவதற்கே பெரும் ஆயத்தம் வேண்டும்.

சீனாவின் டாலியன் நகரிலுள்ள தொடருந்துப் பணிநிலையமொன்றில் 2021 ஜனவரி 12ஆம் நாள் காலை, தொடருந்துகளின் அட்டவணைத் தகவல்களைக் காட்டும் உலாவிப் பக்கம் திறக்கவில்லை. அது பிளாஷில் எழுதப்பட்டிருந்தது. பிளாஷ் கைவிடப்படும் என்பது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அங்குள்ள பொறியியலாளர்கள் இரவு பகலாகப் பாடுபட்டு, பிளாஷின் பழைய பதிப்பொன்றை மீண்டும் நிறுவி நிலைமையைச் சமாளித்தார்கள். அதே மாதத்தில் தென்னாபிரிக்காவின் வருமான வரித் திணைக்களம், தனது படிவங்களை மாற்றி எழுதி முடியாமையால், பிளாஷை உள்ளடக்கிய தனியானதோர் உலாவியையே மக்களுக்கு வெளியிட்டது. ஓர் அரசாங்கம் வரி வாங்குவதற்காக உலாவி செய்த கதையை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. சிரிப்பாக இருப்பினும், இரண்டு இடங்களிலும் நடந்தது ஒன்றுதான்: மூடப்பட்ட கதவைப் புதுப்பிக்காமல், பழைய சாவியைத் திரும்பச் செய்தார்கள்.

எமது ஊரிலும் அதே வைத்தியந்தான். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்காபரோவில் எம்மவர் பொது அமைப்பொன்றின் கட்டடத்துக்கு உதவிக்கு அழைக்கப்பட்டேன், பெயர் தேவையில்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அலுமாரிக்குள் 24 இணைப்புகள் கொண்ட சுவிட்ச் ஒன்று தூசு படிந்து இருந்தது. அலுவலகக் கணினிகளையும் பிள்ளைகள் தமிழ் படிக்கும் வகுப்பறைக் கணினிகளையும் அது தனித்தனியே பிரித்து வைத்திருந்தது. வகுப்பறை ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. எனது மடிக்கணினியில் அதன் பக்கத்தைத் திறந்தேன். அப்லெட் வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரம் மட்டுமே தெரிந்தது. செயலாளராயிருந்த ஐயா மேசை இழுப்பறையைத் திறந்து, மின்கலம் செத்துப்போன ஒரு பழைய மடிக்கணினியை எடுத்து வைத்தார். விண்டோஸ் எக்ஸ்பி. அதன் மூடியில் ஒட்டியிருந்த தாளில், "இதை ஒருவரும் அப்டேற் செய்ய வேண்டாம்" என்று தமிழில் எழுதியிருந்தது. "தம்பி, இதை மட்டும் கவனமாப் பாருங்கோ, இது போனால் எல்லாம் போச்சு" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. இந்த ஏற்பாட்டைச் செய்த தொண்டர் வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கடவுச்சொல் அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அந்தக் கணினியோ கட்டடத்தின் வைபை ஊடாக இணையத்தில் இருந்தது. இடையிடையே அதில் மின்னஞ்சலும் பார்த்திருக்கின்றார்கள். முழு வலையமைப்பின் சாவியும் பொதுவழியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. நிர்வாகப் பக்கம் பழையதோ புதியதோ, அது இணையத்தை நோக்கித் திறந்திருந்து, திருத்தமும் செய்யப்படாவிடின் அதன் வழியே எவரும் உட்புகலாம். 2023 ஒக்ரோபரில் சிஸ்கோ சாதனங்களின் உலாவி வழி நிர்வாகப் பக்கத்தில் மிகக் கடுமையான ஓட்டையொன்று வெளிப்பட்டது. உலகெங்கும் பல்லாயிரம் சாதனங்கள் அதன் ஊடாகக் கைப்பற்றப்பட்டன. அதே மாதத்திலேயே திருத்தமும் வெளிவந்தது. 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் கனடியத் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் மூன்று சாதனங்கள் அதே ஓட்டையின் ஊடாக ஊடுருவப்பட்டதாகக் கனடாவின் இணையப் பாதுகாப்பு மையம் 2025 யூனில் அறிவித்தது. சீன அரசுடன் தொடர்புடைய குழுவொன்றின் செயலாக அது கருதப்படுகின்றது. திருத்தம் வந்து ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில், இணையத்துக்குத் திறந்திருக்கும் நிர்வாகப் பக்கங்களை 14 நாட்களுக்குள் மூடவோ மறைக்கவோ வேண்டும் என்று 2023 யூனில் கூட்டாட்சி நிறுவனங்களுக்குப் பணிப்புரையே விடுக்கப்பட்டது.

சரி, அந்த அலுமாரிச் சுவிட்ச்சை என்ன செய்தோம்? இளையோர் இவ்விடத்தைக் கூர்ந்து கேட்க வேண்டும். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச்சுகள் பெரும்பாலானவற்றில் கொன்சோல் என்றொரு இணைப்பு வாய் உண்டு. ஆர்.எஸ். 232 என்ற தொடர்நிலை இணைப்பு முறை அது, 1960இல் வகுக்கப்பட்டது. இன்றைய மடிக்கணினிகளில் அதற்கான இணைப்பு இல்லாமையால் யூ.எஸ்.பி. மாற்றியொன்று தேவைப்படும். கேபிளைச் செருகி, வேகம் 9600 என்று அமைத்து, என்ரர் விசையைத் தட்டியதும் திரையில் வெறும் எழுத்துகளாகச் சுவிட்ச் பேசத் தொடங்கியது. அதற்கு உலாவி தேவையில்லை, ஜாவா தேவையில்லை, வலையமைப்புக்கூடத் தேவையில்லை. தொண்டரைத் தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல்லைப் பெற்றோம். அவரும் மனமுவந்து தந்தார். அமைப்பு விபரம் முழுவதையும் ஓர் எழுத்துக் கோப்பாக எடுத்துக்கொண்டோம். இருநூறு வரிகளுக்கும் குறைவு. அச்சிட்டபோது நான்கு தாள். அதன் பின்னர் எந்த நிறுவனத்தின் சுவிட்ச்சையும் வாங்கி, அதே ஒழுங்கை ஒரு பிற்பகலில் அமைத்துவிடலாம் என்ற நிலை வந்தது. அந்த மடிக்கணினி வலையமைப்பிலிருந்து கழற்றப்பட்டது.

மிக அழகிய, மிக நவீனமான முகப்பே முதலில் மூப்படைந்தது. அறுபது ஆண்டு பழைய கம்பி வழி இன்றும் திறந்திருக்கின்றது. இது தற்செயலானதன்று. கொன்சோல் மிகக் குறைவானவற்றையே நம்பியிருக்கின்றது. எஸ்.எஸ்.எச். எனப்படும் தொலைவழிக் கட்டளை முறையும் பெரும்பாலும் கைகொடுக்கும். எனினும் மிகப் பழைய சாதனங்களின் மறைக்குறியாக்கத்தைப் புதிய மென்பொருள் அங்கும் மறுக்கக்கூடும் என்பதை அறிந்திருங்கள்.

கட்டளை வழி கிடையாத சாதனங்களும் உண்டு. அவற்றுக்குப் பழைய உலாவியைத் தவிர வேறு வழியில்லை. அப்படியாயின் அந்த உலாவியைச் சிறைவைக்க வேண்டும். ஒரு மெய்நிகர் கணினியில் பழைய இயங்குதளத்தையும் பழைய ஜாவாவையும் நிறுவி, அது அந்த ஒரு சாதனத்துடன் மாத்திரமே பேசும்படி கட்டுப்படுத்துங்கள். இணையம் கூடாது, மின்னஞ்சல் கூடாது, வேறு எந்த வேலையும் அதில் கூடாது. நல்ல நிலையில் ஒரு பிரதி எடுத்து வைத்து, ஒவ்வொரு முறையும் அந்தப் பிரதியிலிருந்தே தொடங்குங்கள். இழுப்பறைக் கணினிக்கும் இதற்கும் வேறுபாடு என்னவென்றால், இதனைப் பிரதிசெய்யலாம், மூடலாம், யார் எப்போது நுழைந்தார் என்று பதிவுசெய்யலாம். பாதுகாப்பு எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு அன்றாடக் கணினியிலேயே பழைய ஜாவாவை ஏற்றுவோரை இன்றும் காண்கின்றேன். அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யப்படும் இச்செயலை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அரைகுறையாக இயங்கும் பழைய முகப்பு, நேற்றைய நிலையை இன்றைய நிலைபோற் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். 2003 ஓகஸ்ட் 14ஆம் நாள் மின்தடையை இங்குள்ள பெற்றோர் மறந்திருக்க மாட்டீர்கள்; ஒன்ராறியோவிலும் அமெரிக்க மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 50 மில்லியன் மக்கள் இருளில் மூழ்கினார்கள். ஒகையோவிலுள்ள மின் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு அறையில், எச்சரிக்கை தரும் மென்பொருள் பிற்பகல் 2.14க்கே செயலிழந்துவிட்டது. செயலிழந்தது என்பதை அங்கிருந்தோர் அறியவில்லை. எச்சரிக்கை வராமையால் யாவும் நலமே என எண்ணினார்கள். மின்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துகொண்டிருந்தன. 4.10 மணிக்குப் பின்னர் சில நிமிடங்களில் ரொறன்ரோவும் வீழ்ந்தது. அங்கு உலாவி சம்பந்தப்படவில்லை. ஆயினும் நிர்வாகத் திரையை நம்பியிருக்கும் எவருக்கும் அந்த இரண்டு மணிநேரம் தெரிந்திருக்க வேண்டும்.

இனிப் பெற்றோருக்கும் வணிகர்களுக்கும். உங்கள் கடையிலோ வீட்டிலோ கண்காணிப்புக் கமெராப் பதிவுப்பெட்டி இருக்கின்றதா? 2010களில் விற்கப்பட்டவற்றுட் பல, எக்ஸ்புளோரரும் அக்ரிவ்எக்ஸ் செருகியும் இன்றிப் படம் காட்டா. களவு நடந்த மறுநாள்தான் பலர் இதனை அறிகின்றார்கள். பொலிஸார் பதிவைக் கேட்கும்போது திரையில் வெறும் கறுப்புச் சதுரம். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக அந்தப் பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிட்டு, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்டிருந்தால் இன்னுமொரு சிக்கல். 2016இல் மிராய் என்ற தீநிரல் இத்தகைய பெட்டிகளையும் கமெராக்களையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றி, ஒக்ரோபர் 21ஆம் நாள் வட அமெரிக்காவின் பெரும் இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. எவருடைய கடைப் பெட்டி அதில் பங்கெடுத்தது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே இந்த வார இறுதியில் பதிவுப்பெட்டியுடன் நேரடியாக ஒரு திரையை இணைத்து, பதிவு வருகின்றதா, அதனைப் பிரதிசெய்ய முடிகின்றதா என்று பார்த்துவிடுங்கள்.

பொது அமைப்புகளின் நிர்வாக சபைகளில் இருப்போரிடம் ஒரு வேண்டுகோள். புதிய சபை பொறுப்பேற்கும்போது வங்கிக் கணக்கும் கட்டடத் திறப்பும் கையளிக்கப்படுகின்றன, வலையமைப்பு கையளிக்கப்படுவதில்லை. சுவிட்ச், ரூட்டர், கமெரா, தொலைபேசி ஆகியவற்றின் பட்டியல், ஒவ்வொன்றினதும் கடவுச்சொல், எந்தக் கணினியிலிருந்து எந்த வழியாக அதனுள் நுழைவது, இணையத்தள முகவரி எவருடைய பெயரில் பதிவாகியிருக்கின்றது என்பன ஒரு தாளில் எழுதப்பட்டு, உறையிலிட்டுப் பூட்டி வைக்கப்படல் வேண்டும். நன்றாக நடக்கும் காலத்தில் இதனைக் கேட்டால் தொண்டரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று எம்மவர் கூச்சப்படுகின்றார்கள். அந்தக் கூச்சத்தின் விலையை மேலே சொன்ன இழுப்பறையில் பார்த்தேன். புதிதாக எதனையும் வாங்கும்போது விற்பவரிடம் கேளுங்கள்: எந்தச் செருகியும் இன்றி இது திறக்குமா, உலாவியே இல்லாமல் இதனுள் நுழைய வழி உண்டா, எந்த ஆண்டு வரை திருத்தங்கள் தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பலர் மழுப்புவார்கள், எழுத்தில் கேளுங்கள்.

தொழிலைத் தேடும் இளையோருக்கு ஒன்று. இங்குள்ள கல்லூரிகளில் இன்று முகில் கணிமையும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கப்படுகின்றன, கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வேலைக்குப் போகும் இடத்தில், உங்கள் வயதையொத்த ஒரு சுவிட்ச் அலுமாரிக்குள் இருக்கும். அதனைத் தொட மூத்தோர் அஞ்சுவார்கள். கட்டளை வரியில் அதனுடன் பேசத் தெரிந்தவர் அந்த அலுவலகத்துக்கு முதல் மாதத்திலேயே இன்றியமையாதவர் ஆகிவிடுகின்றார். கொன்சோல் கேபிளும் யூ.எஸ்.பி. மாற்றியும் அதிக விலையில்லை. ஒரு சோடி வாங்கிப் பையில் வைத்திருங்கள். பாவித்த சுவிட்ச் ஒன்றை வாங்கி வீட்டு நிலவறையில் வைத்துப் பழகுங்கள். அதன் சத்தம் கூடுதல்; அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இறுதியாக ஒரு திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்புளோரர் போய்விட்டாலும், அதற்கென எழுதப்பட்ட பக்கங்களைத் திறக்கும் வசதியொன்று மைக்ரோசொப்ட்டின் எட்ஜ் உலாவிக்குள் இருக்கின்றது. குறைந்தது 2029 வரையேனும் அது நீடிக்கும் என அந்நிறுவனம் அறிவித்திருக்கின்றது. அக்ரிவ்எக்ஸ் கேட்கும் பல பெட்டிகள் அதன் தயவிலேயே இன்று திறக்கின்றன. உங்கள் அமைப்பிலோ கடையிலோ அப்படியொன்று இருந்தால், அதனை மாற்றுவதற்கான பணத்தை அந்த ஆண்டுக்கு முந்திய வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டியிருக்கும். எந்தப் பெட்டி அத்தகையது என்று தெரியாதவர்கள், அதன் பின்புறத்திலுள்ள மாதிரி இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு இடைவேளையில் என்னிடம் வாருங்கள், பார்த்துச் சொல்கின்றேன். கேள்விகள் இருப்பின் இப்போது கேட்கலாம்.